ஹேட்ச்பேக்கா, செடானா? குடும்பத்துக்குக் கார் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்விஃப்ட் ஹேட்ச்பேக், அதாவது பின்பக்கம் முழுதும் கதவாகத் திறக்கும் கார். டிசையர் செடான், அதாவது டிக்கி தனிப் பெட்டியாகப் பின்னால் நீளும் கார். இரண்டும் மாருதி என்ற ஒரே கம்பெனியின் கார்கள். இரண்டிலும் அதே 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம், அதாவது வீல்பேஸ், இரண்டிலும் 2450 மி.மீ. மேனுவல் கியரில் கம்பெனி சொல்லும் மைலேஜ் ஸ்விஃப்டுக்கு லிட்டருக்கு 24.80 கி.மீ., டிசையருக்கு 24.79. நீளத்தில் மட்டும் டிசையர் 135 மி.மீ. கூடுதல். ஒரு சாண்கூட இல்லை. இத்தனை ஒற்றுமை உள்ள இரண்டு கார்களுக்கு இடையில்தான் பல வீடுகளில் வாரக்கணக்கில் பட்டிமன்றம் நடக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். பத்து லட்சத்துக்குள் கார் தேடுகிறவர்களுக்கு, செடான் வாங்கினால் கூடுவது டிக்கி, பின்சீட் அல்ல. பின்சீட் தாராளமாக வேண்டுமென்றால் அதே விலையில் நீளமான ஹேட்ச்பேக்குகள் இருக்கின்றன. இரண்டுமே வேண்டுமென்றால் நான்கு மீட்டரைத் தாண்டிய முழு செடானுக்குப் போக வேண்டும், அங்கே வரிக்கணக்கே வேறு. ஆகவே காரின் வடிவத்தைப் பிறகு பார்க்கலாம். உங்கள் வீட்டுக்கு இடம் எங்கே தேவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

படி 1: நான்கு மீட்டர் கோடு

2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், நீளம் நான்கு மீட்டருக்குள் உள்ள சிறு கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. பெட்ரோல் என்றால் என்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அதிலிருந்து செடான்களின் வால் நறுக்கப்பட்டது. 2008இல் வந்த முதல் டிசையர் 4160 மி.மீ. நீளம், 2012இல் வந்த அடுத்த தலைமுறை 3995 மி.மீ. அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் பின்பக்கம் யாரோ வந்து இடித்த மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்ததில் தப்பே இல்லை. இப்போது கண் பழகிவிட்டது.

அந்தக் கோடு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரையறைக்குள் வரும் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம். எனவே சந்தையில் உண்மையில் இருப்பது இரண்டு வகை அல்ல, நான்கு:

- சிறு ஹேட்ச்பேக்: ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10 நியோஸ், டியாகோ. வேகன் ஆர் போன்ற உயரமான கார்களும் இதில் சேரும்.
- பெரிய ஹேட்ச்பேக்: பலேனோ, ஐ20, ஆல்ட்ராஸ், பலேனோவின் உடன்பிறப்பான கிளான்சா.
- நான்கு மீட்டர் செடான்: டிசையர், ஆரா, டிகோர், அமேஸ்.
- முழு செடான்: ஹோண்டா சிட்டி, வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா.

நடுவில் உள்ள இரண்டு வகைகளும்தான் விலையில் நேருக்கு நேர் மோதுகின்றன. பெரும்பாலான குடும்பங்களின் குழப்பமும் அங்கேதான்.

படி 2: பின்சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள்?

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். ஷோரூமில் எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்ப்பார்கள், டச் ஸ்கிரீனைத் தட்டிப் பார்ப்பார்கள். பின்சீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. குடும்பக் காரில் பாதிப் பேர் அங்கேதான் வாழப்போகிறார்கள்.

கால் நீட்டும் இடத்தை ஓரளவு வீல்பேஸ் சொல்லிவிடும். டிசையருக்கும் ஆராவுக்கும் 2450, அவற்றின் ஹேட்ச்பேக்குகளான ஸ்விஃப்டுக்கும் நியோஸுக்கும் அதே 2450. டிசையரின் பின்சீட்டைச் சற்றுத் தள்ளிப் பொருத்தியிருப்பதால் முழங்காலுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அமேஸ் 2470, அதன் பின்சீட் இந்த வகையில் நல்ல வசதி. இப்போது பெரிய ஹேட்ச்பேக்குகளைப் பாருங்கள். பலேனோ 2520, ஐ20 2580. நீளத்தை டிக்கிக்குச் செலவழிக்காமல் ஆட்கள் உட்காரக் கொடுத்திருக்கிறார்கள். உயரமான இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காருகிற வீடு என்றால் இந்த வித்தியாசம் முழங்காலில் தெரியும்.

அடுத்து தலை. செடானின் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவதால், ஏறும்போது குனிய வேண்டும். உட்கார்ந்த பிறகும் உயரமானவர்களுக்குத் தலை கூரையை உரசலாம். ஹேட்ச்பேக்கிலும் ஸ்டைலுக்காகக் கூரையைச் சரித்திருப்பவை உண்டு, எனவே பெயரை நம்பாமல் உட்கார்ந்தே பாருங்கள்.

வீட்டில் முழங்கால் வலி உள்ள அப்பாவோ அம்மாவோ இருந்தால், மற்ற எல்லாக் கணக்கையும் தள்ளிவைத்துவிட்டுச் சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். டிசையரின் மொத்த உயரம் 1525 மி.மீ., பலேனோ 1500. வேகன் ஆர் 1675. இந்த ஆறேழு அங்குலத்தில்தான் காருக்குள் இறங்கி உட்காருவதா, நாற்காலியில் அமர்வதுபோல் அப்படியே உட்காருவதா என்பது தீர்மானமாகிறது. வேட்டியும் சேலையும் கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வேகன் ஆரைப் பெட்டி மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், வேறு பதில் வரும். அதன் டிக்கியும் 341 லிட்டர், ஸ்விஃப்டின் 265ஐவிடப் பெரியது.

மூன்று பேர் பின்னால் உட்காரும் வீடா? அப்படியென்றால் நடு இருக்கையை மட்டும் தனியாகச் சோதியுங்கள். நடுவில் தரை மேடு எவ்வளவு எழும்பியிருக்கிறது, முதுகு சாயும் இடத்தில் கைவைக்கும் திண்டு மடிந்து துருத்துகிறதா, நடு ஆளுக்குத் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே காரின் மலிவான வேரியன்ட்டில் ஹெட்ரெஸ்ட் இல்லாமல் போவது உண்டு. அகலத்தில் ஐ20 1775 மி.மீ., ஸ்விஃப்டும் டிசையரும் 1735. மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் உட்கார்ந்தால் இந்த நாற்பது மி.மீ. தெரியும்.

கைக்குழந்தை இருந்தால் குழந்தை சீட்டைக் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். பின்னோக்கிப் பொருத்தும் சீட் நிறைய இடம் பிடிக்கும். சிறு ஹேட்ச்பேக்கில் அதை மாட்டினால் முன்னால் இருப்பவர் டேஷ்போர்டை ஒட்டி உட்கார வேண்டியிருக்கும். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், ஏர்பேக் வெடிக்கும் வேகத்தில் மடியிலுள்ள குழந்தையின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

படி 3: டிக்கியின் கணக்கு

இங்கேதான் நான்கு மீட்டர் செடான் தன் விலைக்கு நியாயம் சொல்கிறது. ஸ்விஃப்ட் 265 லிட்டர், டிசையர் 382. நியோஸ் 260, ஆரா 402. டியாகோ 242, டிகோர் 419. அமேஸ் 416. பெரிய ஹேட்ச்பேக்குகள் நடுவில் நிற்கின்றன: ஐ20 311, பலேனோ 318, ஆல்ட்ராஸ் 345. முழு செடான்கள் எல்லாமே 500க்கு மேல், வெர்னா 528.

லிட்டர் கணக்கு ஒன்று, பெட்டி உள்ளே போவது வேறு. செடானின் டிக்கி ஆழமானது, ஆனால் வாய் குறுகல். பெரிய அட்டைப் பெட்டி, மடித்த சக்கர நாற்காலி, சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் போன்றவை உள்ளே இடமிருந்தும் வாயில் சிக்கும். ஹேட்ச்பேக்கின் கதவு கூரைவரை திறக்கும், பின்சீட்டை மடக்கினால் நீளமான சாமானும் போகும். பின்சீட் 60:40 எனப் பிரிந்து மடிந்தால் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டே ஒரு தையல் மெஷினையும் ஏற்றலாம். பல நான்கு மீட்டர் செடான்களில் பின்சீட் மடியவே மடியாது. ஷோரூமில் கேளுங்கள், கேட்டதோடு விடாமல் மடக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகும் நான்கு பேர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். போகும்போது துணிப்பைகள்தான். வரும்போதுதான் அம்மா வீட்டு அரிசி, தேங்காய், முறுக்கு டின், ஒரு வாழைத்தார், ஊறுகாய் ஜாடி எல்லாம் ஏறும். ஹேட்ச்பேக்கில் டிக்கியை மூடியிருக்கும் பார்சல் ட்ரேயைக் கழற்றிவிட்டுக் கூரைவரை அடுக்கலாம். அடுக்கினால் பின்கண்ணாடி மறைந்துவிடும், சடன் பிரேக் போட்டால் மேலே இருப்பது முன்னால் வரும். செடானில் சாமானுக்கும் ஆட்களுக்கும் நடுவே சீட்டும் அதன் தகடும் தடுப்பாக நிற்கின்றன.

வாசனை என்ற விஷயமும் இருக்கிறது, இதை எந்த பிரோஷரிலும் போடமாட்டார்கள். ஹேட்ச்பேக்கில் டிக்கியும் கேபினும் ஒரே காற்று. தூத்துக்குடியிலிருந்து கருவாடு வாங்கிக்கொண்டு ஏ.சி. போட்டு வந்தால் சென்னை வரைக்கும் எல்லோரும் அதை முகர்ந்துகொண்டே வரவேண்டும். பண்ருட்டி பலாப்பழமும் அப்படித்தான். செடான் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும்.

ஆனால் வருடத்தில் எத்தனை முறை அப்படிப் போகிறீர்கள்? தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை, ஒரு கல்யாணம். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம், மார்க்கெட், கோவில் என்றால் 260 லிட்டரே மிச்சம். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிறவர் என்றால் கதை மாறும்.

சி.என்.ஜி., அதாவது கேஸில் ஓடும் கார், எடுப்பவர்கள் இந்தப் படியை மறுபடி படிக்கவும். ஒற்றை கேஸ் சிலிண்டர் வைத்த ஹேட்ச்பேக்கில் டிக்கி ஏறக்குறைய போய்விடும். ஒரு பையைச் சிலிண்டர் மேல் சாய்த்து வைக்கலாம், அவ்வளவே. டாடா டியாகோவிலும் டிகோரிலும் இரண்டு சிறு சிலிண்டர்களைத் தரைக்கடியில் படுக்கவைத்திருப்பதால் இடம் மிஞ்சுகிறது. டாடா கம்பெனிக்காரர்கள் செய்த உருப்படியான வேலைகளில் இது ஒன்று என்பேன்.

படி 4: வீட்டு வாசலை அளந்து பாருங்கள்

தமிழ்நாட்டுக் கட்டிட விதிகளில் ஒரு கார் நிறுத்தும் இடத்தின் அளவு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். சிட்டியோ விர்டஸோ சுமார் 4.6 மீட்டர் நீளம். சுவருக்கும் காருக்கும் சேர்த்து மிஞ்சுவது 40 செ.மீ. பழைய அடுக்ககங்களில் தூண் ஒன்று அந்த இடத்தையும் தின்றுகொண்டு நிற்கும். டேப் எடுத்துப் போய் அளந்துவிட்டுத்தான் முழு செடானைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ரிவர்ஸில் சுவரை ஒட்டி நிறுத்தும் பழக்கம் உள்ளவர்கள் ஹேட்ச்பேக் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பின்கதவு வெளியே வீசித் திறக்கும். சுவர் அருகில் இருந்தால் திறக்கவே முடியாது. செடான் டிக்கி பெரும்பாலும் மேல்நோக்கி எழும்புவதால் இடம் குறைவாக இருந்தாலும் திறக்கும்.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் சந்துகளிலோ மதுரை மாசி வீதிகளின் உள்தெருக்களிலோ ஓட்டுபவருக்கு, நான்கு மீட்டருக்குள் உள்ள எந்தக் காரும் ஒன்றுதான். வீல்பேஸ் ஒன்றே என்பதால் ஸ்விஃப்டும் டிசையரும் ஏறக்குறைய ஒரே வட்டத்தில் திரும்பும். செடானின் வால் மட்டும் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. ரிவர்ஸ் சென்சார் 2019 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். கேமராவும் இருக்கிற வேரியன்ட்டாகப் பார்த்து எடுங்கள்.

படி 5: எந்தச் சாலையில் அதிகம் ஓடும்?

நெடுஞ்சாலை என்றால் முழு செடானுக்கு நிகரில்லை. நீளமான வீல்பேஸ் என்பதால் பள்ளங்களில் குலுங்குவது குறைவு. டிக்கி தனியறையாக இருப்பதால் பின்சக்கரத்தின் இரைச்சல் கேபினுக்குள் அவ்வளவாக வராது. நான்கு மீட்டர் செடானிலும் இந்த அமைதி கொஞ்சம் கிடைக்கும்.

மலைப்பாதையில் குட்டைக் கார் சுகம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கல்லட்டிப் பாதையில் 36. ஐந்து பேரும் சாமானும் ஏறிய 1.2 லிட்டர் காரில் இந்த வளைவுகளில் முதல் கியருக்கு இறங்க வேண்டிவரும், அது எந்த வடிவமானாலும்.

அடியில் உரசுவதுதான் செடான்காரர்களின் நிரந்தரப் புலம்பல். ஊர்க்காரர்கள் தாங்களே போட்ட வேகத்தடைகள் உள்ள சாலையில், நீளமான வீல்பேஸ் உள்ள காரின் நடுவயிறு தட்டும். பின்னால் நீளும் வால், வீட்டு வாசல் சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போது தட்டும். ஸ்லாவியாவும் விர்டஸும் 179 மி.மீ. தரை இடைவெளியோடு வருவதால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. எதுவாக இருந்தாலும் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

சின்ன விஷயம் ஒன்று: ஹேட்ச்பேக்கின் பின்பக்கம் செங்குத்தாக முடிவதால் அங்கே காற்று சுழன்று புழுதியையும் சேற்றையும் கண்ணாடியில் அப்பும். அதனால் பின்வைப்பர் உள்ள வேரியன்ட் எடுங்கள். செடானுக்கு இது தேவைப்படாது.

படி 6: பாதுகாப்பு

வடிவத்தைவிடக் காரின் கட்டுமானம்தான் உயிரைக் காக்கிறது. காரை மோதவிட்டு மதிப்பிடும் குளோபல் என்கேப் சோதனையில் 2020 ஜனவரியில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஆல்ட்ராஸ் ஹேட்ச்பேக், 2024 நவம்பரில் ஐந்து வாங்கிய டிசையர் செடான். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்ற நம்முடைய சொந்தச் சோதனையும் நடக்கிறது. எந்த மாடலின் எந்த ஆண்டு வடிவத்துக்கு அந்த நட்சத்திரம் என்று பார்ப்பது அவசியம். பழைய தலைமுறை வாங்கியதைப் புதியதற்குச் சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சோதனைகள் முன்பக்க, பக்கவாட்டு மோதல்களையே பார்க்கின்றன. பின்னால் லாரி வந்து இடித்தால் என்னாகும் என்பது நட்சத்திரத்தில் தெரியாது. செடானில் கடைசிச் சீட்டுக்குப் பின்னால் நசுங்குவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. சிறு ஹேட்ச்பேக்கில் பின்கதவுக்கும் பிள்ளைகளின் தலைக்கும் நடுவே இடைவெளி குறைவு. நெடுஞ்சாலையில் அடிக்கடி போகும் குடும்பம் இதைக் கணக்கில் எடுக்கலாம்.

படி 7: பணம்

எக்ஸ் ஷோரூம் விலையை மறந்துவிட்டு, சாலை வரியும் இன்சூரன்ஸும் சேர்ந்த ஆன் ரோடு விலையைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய சாலை வரிப்படி, ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13, பத்திலிருந்து இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சம் என்ற கோட்டில் ஐந்து சதவீதம் குதிக்கிறது.

வரிக்கு முன் எட்டு லட்சம் விலையுள்ள இரண்டு கார்களை வைத்துப் பார்ப்போம். ஒன்று நான்கு மீட்டருக்குள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 9.44 லட்சம், சாலை வரி 13 சதவீதம், மொத்தம் சுமார் 10.67 லட்சம். மற்றது நீளம் தாண்டியது. 40 சதவீதம் சேர்த்து 11.20 லட்சம், சாலை வரி 18 சதவீதம், மொத்தம் 13.22 லட்சம். காரின் அடக்க விலை ஒன்றே. வரியில் மட்டும் இரண்டரை லட்சம் வித்தியாசம். முழு செடான் வேண்டும் என்று மனசு சொன்னால், இந்த இரண்டரை லட்சத்தைத் தெரிந்தே கொடுங்கள்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் என்ஜின் சி.சி.யைப் பொறுத்தது என்பதால் ஸ்விஃப்டுக்கும் டிசையருக்கும் ஒரே கட்டணம். டயர், சர்வீஸ் செலவிலும் பெரிய மாற்றமில்லை. சென்னை மாதிரி வெள்ளம் வரும் ஊரில் என்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால் சாதாரண பாலிசியில் பணம் வராது.

படி 8: எந்த வீட்டுக்கு எது

என்னிடம் கேட்டால், நகரத்துக்குள்ளேயே ஓடும் நான்கு பேர் குடும்பத்துக்குப் பெரிய ஹேட்ச்பேக்தான் சரி. கணவன், மனைவி, சின்னப் பிள்ளை ஒன்று, மாதாமாதம் ஊர்ப்பயணம் என்றால் நான்கு மீட்டர் செடான். பெரியவர்கள் தினமும் ஏறி இறங்கினால் வேகன் ஆர். வாரம்தோறும் நெடுஞ்சாலையில் பல மணி நேரம் ஓட்டுபவர், நிறுத்த இடமும் உள்ளவர், முழு செடான். கௌரவத்துக்காக மட்டும் நான்கு மீட்டர் செடான் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வெள்ளை நிற டிசையரில் போய் இறங்கினால் கல்யாண வீட்டு வாசலில் "டாக்ஸியை ஓரமா நிறுத்துப்பா" என்று சொல்லும் வாய்ப்பே அதிகம்.

படி 9: டெஸ்ட் டிரைவும் அதற்குப் பிறகும்

தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும், கூடவே வழக்கமாக ஊருக்கு எடுத்துப்போகும் பெரிய பெட்டிகளும் போகட்டும். மதியம் வெயிலில் போங்கள், பின்சீட்டுக்கு ஏ.சி. எவ்வளவு நேரத்தில் எட்டுகிறது என்று தெரியும். செடானின் சாய்ந்த பின்கண்ணாடி வழியாகப் பின்சீட்காரர்களின் கழுத்தில் வெயில் விழுகிறதா என்றும் தெரியும். கறுப்பு ஃபிலிம் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்கவேண்டாம், 2012இலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது.

செகண்ட் ஹேண்ட் செடான் என்றால் ஒரு சோதனை கூடுதல். மஞ்சள் போர்டில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாறி, மீட்டரைத் திருப்பி விற்பனைக்கு வரும் செடான்கள் உண்டு. ஆர்.சி.யில் முதல் பதிவு எந்த வகையில் என்று பாருங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். பெடல் ரப்பரும் ஓட்டுநர் சீட்டின் ஓரமும் மீட்டர் சொல்லும் கிலோமீட்டருக்குப் பொருந்துகின்றனவா என்று கவனியுங்கள். நெடுஞ்சாலையில் எவ்வளவு மிதித்தாலும் 80க்கு மேல் போக மறுத்தால், டாக்ஸிக்காகப் பூட்டிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை இன்னும் கழற்றவில்லை என்று அர்த்தம். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த காரைப் பாருங்கள்.